முரண்டு பிடிக்கும் குமிழ்கள்

குன்னத்தூர், ஊத்துக்குளி, செங்கப்பள்ளி வட்டாரத்தில் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் அட்டாலியைக் காலி செய்யும்போது பித்தளை அண்டாவோடும் பழைய கணக்குப் புத்தகங்களோடும் சில நேரம் ஒரு ரேடியோவும் கீழே இறங்குகிறது. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் என்று முகப்பில் பெயர் இருக்கும். தூசி தட்டித் திண்ணையில் வைத்ததும் எல்லோருடைய கையும் முதலில் போவது வால்யூம் குமிழுக்குத்தான். அது அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகுவார்கள். அப்போதும் அசையாது. வீட்டில் யாராவது ஒருவர் கட்டிங் பிளேயரை எடுத்து வருவார். ‘டக்’கென்று ஒரு சத்தம். ஐம்பது ஆண்டு கெடாமல் கிடந்த கருவி அந்த நொடியில் கெடுகிறது.

இது தேவையே இல்லாத சேதம். பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர், டேப் டெக் ஆகியவற்றில் இறுகிப்போகும் குமிழ்களில் பெரும்பாலானவை பழுதாகவே இல்லை. பித்தளைக்கும் எஃகுக்கும் ஐம்பது ஆண்டு பெரிய வயதல்ல. கார்பன் தடமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வயதானது உள்ளே தடவிய கிரீஸ் மட்டும். சொட்டுக் கணக்கில்கூடத் தேறாத அந்தக் கிரீஸ் காய்ந்ததற்காக, திரும்பக் கிடைக்காத ஒரு கருவியைக் கொறடு போட்டு முறிக்கிறோம்.

இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட கருவிகள் மிஞ்சியிருப்பதற்குக் காரணம் உண்டு. பைக்காரா நீர்மின் திட்டம் 1930-களின் தொடக்கத்திலேயே கோவைச் சீமைக்கு மின்சாரம் கொண்டுவந்தது, பஞ்சாலைகள் பெருகின. சென்னை வானொலி நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் பேசத் தொடங்கின. 1941-ல் ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்ய முடியும் என்று அறிவித்தார். வெளிநாடுகளில் மட்டுமே செய்யக்கூடியது என்று பலர் நினைத்த பொருளைக் கோவையில் இருந்துகொண்டு ஒருவர் அப்படிச் சொன்னது சாதாரண விஷயமல்ல. 1966-ல் கோவை வானொலி வந்தது. மாலையில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைப் பிடிக்க, ஊருக்கு நாலு வீட்டிலாவது யாரோ ஒருவர் குமிழை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டிருப்பார்.

பிறகு தறிக்குடோன் வந்தது, பனியன் கம்பெனி வந்தது. இரண்டிலும் பாட்டு இல்லாமல் வேலை ஓடாது. விசைத்தறிக் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அதற்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டுமானால் ரேடியோவின் வால்யூம் கடைசிவரை திருப்பியே இருக்க வேண்டும். காலையில் கரண்டு போட்டால் அதுவே பாடும், ஷிப்ட் முடிந்து கரண்டு நிறுத்தினால் அதுவே நிற்கும். ஸ்டேஷனும் மாறாது, கோவை வானொலியின் 999 கிலோஹெர்ட்ஸில் முள் நின்றது நின்றபடியே இருக்கும். வருஷக்கணக்கில் யாரும் தொடாத குமிழ்தான் முதலில் இறுகும் என்பது ரேடியோ பழுதுபார்க்கிறவர்களுக்குத் தெரியும். அடிக்கடி திருகப்படும் குமிழ் தேயும். திருகப்படாத குமிழ் இறுகும். தேய்ந்ததை மாற்றித்தான் ஆக வேண்டும். இறுகியதை மீட்டுவிடலாம்.

‘இறுகியது’ என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் இரண்டு நிலைமைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, குமிழ் சுழலவே மறுப்பது. இன்னொன்று, குமிழ் நன்றாகச் சுழலும், ஆனால் பெட்டியைத் திறப்பதற்காக அதைக் கழற்ற நினைத்தால் ஷாஃப்டை விட்டு வராது. முதலாவதில் கோளாறு பெட்டிக்குள்ளே இருக்கிறது. இரண்டாவதில் குமிழுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கையை வைப்பதால்தான் பாதிக் கருவிகள் உடைகின்றன.

கருவியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. பழைய ரேடியோக்களில் ‘ஏசி/டிசி செட்’ என்று ஒரு வகை உண்டு. அந்தக் காலத்தில் சில நகரங்களில் நேர்மின்சாரம் ஓடியது. ஏசி, டிசி இரண்டிலும் வேலை செய்வதற்காக டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் இவற்றைச் செய்தார்கள். விளைவு, உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் நேரடியாக வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பியோடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் 230 வோல்ட் அந்தச் சட்டத்திலும், அதில் பொருத்திய ஷாஃப்டிலும் நிற்கும். குமிழ் பேக்கலைட்டில் இருப்பது அழகுக்காக மட்டுமல்ல, அதைத் தொடுகிற விரலைக் காப்பதற்காகவும்தான். குமிழைப் பிடித்திருக்கும் சின்ன திருகாணியின் குழியை மெழுகால் அடைத்திருப்பதும் அதற்காகவே. சிலர் அந்த மெழுகை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டி எறிந்துவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் அந்தக் குழியை மீண்டும் மெழுகால் மூட வேண்டும்.

ஆகவே பிளக்கைப் பிடுங்கி ஓரமாக வைப்பதுதான் முதல் வேலை. சுவிட்சை அணைப்பது போதாது. வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் கண்டன்சர்கள் 250 முதல் 400 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னூட்டம் கொஞ்ச நேரம் உள்ளே நிற்கும். வெளியிலிருந்தே குமிழைச் சரிசெய்ய எந்த வீட்டுக்காரரும் முயலலாம். வால்வு செட்டின் பின்பக்கப் பலகையைக் கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டும்.

கழற்ற மறுக்கும் குமிழிலிருந்து தொடங்கலாம். குமிழின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு சின்ன ஓட்டை தெரியலாம். அதற்குள்ளே தலையில்லாத திருகாணி ஒன்று ஷாஃப்டை அழுத்திப் பிடித்திருக்கும். சில குமிழ்களில் ஒன்றுக்கு இரண்டு திருகாணிகள் இருக்கும். ஒன்றைத் தளர்த்திவிட்டு இழுத்துக்கொண்டே இருந்தால் வேலைக்கு ஆகாது. திருகாணியின் தலையில் கோடு இருந்தால் சின்ன திருப்புளி, அறுகோணக் குழி இருந்தால் ஆலன் கீ. இந்த வட்டாரத்தில் ஒரு வசதி, ஓவர்லாக் தையல் மெஷின் மெக்கானிக்கின் பையில் இந்தச் சின்ன அளவுக் கருவிகள் எல்லாம் இருக்கும். ஆனால் அமெரிக்க, பிரிட்டிஷ் கருவிகள் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. மில்லிமீட்டர் ஆலன் கீ ஏறக்குறையப் பொருந்துவது போலத் தெரிந்து, திருகும்போது குழியின் மூலைகளை மழுக்கிவிடும். மழுங்கிய குழியை மீட்பது, துருவை மீட்பதைவிடப் பெரிய பாடு.

துருப்பிடித்த திருகாணியில் துருநீக்கும் எண்ணெய் ஒரு துளியைக் குச்சி முனையால் விட்டு ஓர் இரவு வைக்க வேண்டும். அப்போதும் அசையாவிட்டால் சால்டரிங் அயர்னின் முனையைத் திருகாணித் தலையில் ஒரு நிமிடம் வைத்துச் சூடேற்றலாம். சூட்டில் விரியும் உலோகம் துருவின் பிடியைத் தளர்த்தும். பிறகு முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கமாகத் திருகிவிட்டுத் தளர்த்த வேண்டும். கை நேராகத் தளர்த்தப் போகும் என்பதால் இது விந்தையாகத் தோன்றும். ஆனால் துருவின் பூட்டை உடைக்க எந்தப் பக்கம் அசைந்தாலும் சரிதான்; ஏற்கெனவே பலர் தளர்த்தித் தளர்த்திப் பார்த்து ஒரு பக்க விளிம்பு தேய்ந்திருக்கும், இறுக்கும் பக்க விளிம்பு புதிதாகவே இருக்கும்.

ஓட்டையே தென்படாவிட்டால் அது அழுத்திச் செருகிய குமிழ். ஷாஃப்டின் முனையில் பல்வெட்டும் நடுவே ஒரு பிளவும் இருக்கும், அல்லது ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். இதை நேராக முன்னால் இழுக்க வேண்டும். திருப்புளியைக் குமிழின் அடியில் கொடுத்து நெம்பினால் முகப்பில் ஆழமான கீறல் விழும், பேக்கலைட் குமிழாக இருந்தால் விளிம்பு பெயரும். லியோ பேக்லண்ட் 1907-ல் கண்டுபிடித்த இந்தப் பிளாஸ்டிக் சூட்டுக்கு உருகாது, ஆனால் நெம்பினால் கண்ணாடி போல் உடையும்.

இதற்கு உலகம் முழுக்க ரேடியோக்காரர்கள் செய்கிற ஓர் எளிய வேலை உண்டு. குமிழுக்கும் முகப்புக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஒரு நாடாவைக் கொடுத்து, ஷாஃப்டைச் சுற்றி வளைத்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து இழுப்பது. இழுவிசை குமிழின் முழு அடிப்பாகத்திலும் சமமாக விழும், ஷாஃப்ட் வளையாது, முகப்பில் கீறல் இருக்காது. பனியன் கட்டிங் வேஸ்ட்டைக் கிழித்து இதற்கு எடுப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பின்னல் துணி இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும், குமிழுக்கு விசை போய்ச் சேராது. நெய்த துணிதான் வேண்டும். பாவாடை நாடா மிகச் சரியாக இருக்கும். இடுக்கு ரொம்பக் குறுகலாக இருந்தால் கெட்டியான தையல் நூலை நாலைந்து புரியாக மடித்துக் கொடுக்கலாம்.

இனி, சுழலவே மறுக்கும் குமிழ்.

வால்யூம் கண்ட்ரோலின் உடம்பு எளிமையானது. பிறை வடிவத்தில் ஒரு கார்பன் தடம், அதன்மேல் உரசிச் செல்லும் ஓர் உலோக நாக்கு, நாக்கைச் சுழற்றும் ஷாஃப்ட், ஷாஃப்டைத் தாங்கும் பித்தளைக் கழுத்து. ஷாஃப்ட் ஏறக்குறைய 270 முதல் 300 டிகிரி வரை சுழலும். இரு முனையிலும் ஒரு தடுப்பு உண்டு. ஷாஃப்டுக்கும் கழுத்துக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது. அந்த இடைவெளியில்தான் தொழிற்சாலையில் கிரீஸ் தடவுகிறார்கள். அது வெறுமனே உராய்வைக் குறைப்பதற்காக மட்டுமல்ல. நல்ல ஆம்ப்ளிஃபயரின் வால்யூமைத் திருகும்போது கைக்குக் கிடைக்கிற அந்த வழுவழுப்பான, சற்றுக் கனமான உணர்வு முழுக்க அந்தக் கெட்டியான கிரீஸின் வேலை. அது இல்லாவிட்டால் குமிழ் தொளதொளவென்று சுழலும், வைத்த இடத்தில் நிற்காது.

கிரீஸ் என்பது எண்ணெயை ஊறவைத்த பஞ்சு மாதிரி. பஞ்சின் இடத்தில் இருப்பது ஒரு வகைச் சோப்பு. அது எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஆண்டுகள் ஆக ஆக எண்ணெயின் மெல்லிய பகுதி ஆவியாகிறது, கொஞ்சம் கசிந்து போகிறது. மிச்சமுள்ளது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து பிசினாகிறது. கடைசியில் சோப்பும் பிசினும் சேர்ந்து, வார்னிஷ் பூசியதுபோல் ஷாஃப்டைக் கழுத்தோடு ஒட்டிவிடுகிறது. மழுப்பலாக ‘துருப்பிடிச்சிருச்சு’ என்று சொல்லப்படுகிற பல குமிழ்களில் துருவே இருக்காது. பழுப்பு நிறத்தில் தெரிவது இந்தப் பிசின்தான்.

தறிக்குடோனிலும் பனியன் கம்பெனியிலும் இருந்த கருவிகளில் இன்னொன்றும் சேரும். காற்றில் மிதக்கும் பஞ்சு குமிழின் பின்னால் உள்ள இடுக்கில் போய்த் தங்கும். கிரீஸிலிருந்து கசிகிற எண்ணெயை அந்தப் பஞ்சு உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய பஞ்சு நனைந்து கெட்டியாகி, குமிழுக்கும் முகப்புக்கும் நடுவே ஒரு வளையமாக இறுகும். சில குமிழ்களை நாடா போட்டு எடுத்து, அந்த வளையத்தைப் பல்குச்சியால் சுரண்டி எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அதனால்தான் சுழல மறுக்கும் குமிழையும் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும்.

குமிழ் வந்துவிட்டது, ஷாஃப்ட் மட்டும் அசையவில்லை என்றால் கருவிக்குத் தேவை சூடு, கரைப்பான், நேரம் மூன்றும்தான். கருவியை மல்லாக்க, ஷாஃப்ட் மேல்நோக்கி நிற்கும்படி படுக்க வைக்க வேண்டும். 25 வாட் சால்டரிங் அயர்னின் முனையை ஷாஃப்டின் மேல் ஒன்றிரண்டு நிமிடம் சாய்த்து வைத்தால் சூடு உலோகத்தின் வழியே கழுத்துக்குள் இறங்கும். காய்ந்த கிரீஸ் இளகத் தொடங்கும். அயர்னை எடுத்துவிட்டு, ஷாஃப்ட் விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், குமிழைத் திரும்பச் செருகி, இரண்டு விரலால் மட்டும் பிடித்து, இடமும் வலமுமாக மெல்ல அசைக்க வேண்டும். முதலில் ஒரு மயிரிழைதான் நகரும். அந்த மயிரிழை நகர்ந்ததே வெற்றி. திரும்பச் சூடேற்றி, திரும்ப அசைத்து, அந்த மயிரிழையை ஒரு டிகிரியாக்கி, ஒரு டிகிரியைப் பத்தாக்க வேண்டும்.

பிளாஸ்டிக் ஷாஃப்டுக்கு இந்தச் சூடு ஆகாது. 1980-களுக்குப் பிந்தைய பல டேப் ரெக்கார்டர்களில் ஷாஃப்ட் பிளாஸ்டிக்தான். அயர்ன் பட்டால் உருகிவிடும். பாலிஸ்டைரீனில் செய்த குமிழும் 100 டிகிரியை நெருங்கும்போது இளகும். அதனால்தான் குமிழைக் கழற்றிவிட்டுச் சூடேற்றச் சொல்வது.

சூட்டுக்குப் பதிலாகவோ, கூடவோ கரைப்பான். ஷாஃப்ட் கழுத்துக்குள் நுழைகிற இடத்தில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலையோ எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரையோ ஒரே ஒரு துளி. ஸ்பிரேயை நேராக அடிக்காமல், ஒரு மூடியில் பீய்ச்சிக் குச்சியால் தொட்டு வைப்பது நல்லது. புவியீர்ப்பு அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரவு முழுக்க விட வேண்டும். மறுநாள் அசைத்துப் பார்த்து, இன்னொரு துளி. ஒரு வாரம் ஆகலாம். அவசரக்காரருக்கு இந்த வேலை ஒத்து வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. கொறடு போட்டுத் திருகினால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: ஷாஃப்டின் அடியில் நாக்கைத் தாங்கியிருப்பது மெல்லிய அட்டை போன்ற ஒரு தகடு. இறுகிய இடம் கழுத்தாக இருக்க, முறுக்கு முழுக்க அந்தத் தகட்டிலும் முனைத் தடுப்பிலும் போய் விழும். தகடு கிழிந்தால் ஷாஃப்ட் சுதந்திரமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், வால்யூம் மட்டும் கூடாது, குறையாது.

வீட்டில் கைக்குக் கிடைக்கிறதை ஊற்றுகிற பழக்கம் பெரிய எதிரி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி விடியலில் கொங்கு நாட்டில் சூடு அதற்கும் கீழே இறங்கும். சித்திரையில் சுழன்ற குமிழ் மார்கழியில் மறுபடி முரண்டு பிடிக்கும். ஆமணக்கெண்ணெய் பிசினாகும். தையல் மெஷினுக்குப் போடும் மெல்லிய எண்ணெய் நல்ல எண்ணெய்தான், ஸ்டேஷன் மாற்றும் ஷாஃப்டுக்கும் சக்கரங்களுக்கும் அது பொருத்தம். வால்யூம் கண்ட்ரோலுக்குள் மட்டும் போகக் கூடாது, கார்பன் தடத்தில் எண்ணெய்ப் படலம் நின்று தூசியைச் சேர்க்கும்.

டபிள்யூ.டி-40 ஸ்பிரேயை எல்லா நோய்க்கும் மருந்தாக நினைப்பவர்கள் உண்டு. 1953-ல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் ஒரு சிறிய நிறுவனம் இதை உருவாக்கியது, அட்லஸ் ஏவுகணையின் உலோகத் தோலில் ஈரம் தங்காமல் விரட்டுவதற்காக. பெயரிலுள்ள 40, நாற்பதாவது முயற்சியில் கலவை கைகூடியதைக் குறிக்கிறது. ஈரத்தை விரட்டுவதில் அது கெட்டிக்காரன். கார்பன் தடத்துக்காகச் செய்யப்பட்டது அல்ல. அதே நிறுவனம் மின் தொடுகைகளுக்கென்று தனியாக வேறு ஸ்பிரே விற்கிறது. டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து வாங்க வேண்டும். பனியன் கம்பெனிகளின் செக்கிங் பகுதியில் துணியின் எண்ணெய்க் கறையை எடுக்கப் பீய்ச்சும் கரைப்பான்களை இந்தப் பக்கத்தில் சிலர் குமிழுக்கும் பயன்படுத்திப் பார்ப்பதுண்டு. அவற்றில் பல, பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். ரேடியோவின் டயல் கண்ணாடிக்கு ஆல்கஹால்கூட ஆகாது. ஊர்ப் பெயர்களும் எண்களும் கண்ணாடியின் பின்பக்கம் அச்சிடப்பட்டவை. சில செட்டுகளில் ஈரத்துணி பட்டாலே கொழும்பும் திருச்சியும் துணியோடு வந்துவிடும்.

ஸ்டேஷன் மாற்றும் குமிழ் இறுகினால் இன்னும் பதமாக நடக்க வேண்டும். அந்தக் குமிழ் நேரடியாக எதையும் சுழற்றுவதில்லை. ஒரு மெல்லிய நூல், சின்னச் சக்கரங்கள் வழியே ஓடி, ஒரு பெரிய உருளையைச் சுற்றி, ஸ்டேஷனைத் தேர்ந்தெடுக்கும் கேங் கண்டன்சரைத் திருப்புகிறது. முள்ளையும் அதே நூல்தான் இழுக்கிறது. இறுகியது குமிழின் ஷாஃப்டா, கேங்கின் குண்டு பேரிங்கா, நடுவிலுள்ள சக்கரமா என்று தெரியாமல் திருகினால் முதலில் அறுவது டயல் நூல். அறுந்த நூலை மறுபடி கட்டுவது ரேடியோ மெக்கானிக்குகளின் பொறுமையைச் சோதிக்கும் வேலை. எந்தச் சக்கரத்தில் எத்தனை சுற்று, எந்தப் பக்கமாக என்பது செட்டுக்குச் செட்டு மாறும். அறுவதற்கு முன்னால் ஒரு செல்ஃபோன் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பெரும் உபகாரம். தூண்டில் நரம்பைக் கட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அது வழுக்கும், உருளையைப் பிடிக்காது. பின்னிய நூல்தான் பிடிக்கும்.

கிரீஸ் காய்வதால் வரும் வம்பு குமிழோடு நிற்பதில்லை. பழைய ரெக்கார்டு பிளேயர்களில் தட்டு தானாக மாறும் பொறிமுறை நின்றுபோவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். 1954-ல் வந்த இங்கிலாந்தின் புகழ்பெற்ற கார்ரார்டு 301 சுழல்மேடையின் தொடக்கப் பதிப்பில் நடு அச்சுக்குக் கிரீஸ் போட்டார்கள். பின்னர் வந்தவற்றில் எண்ணெய்க்கு மாறினார்கள். இன்றைக்கும் அதை வைத்திருப்பவர்கள் தம்முடையது கிரீஸ் பேரிங்கா எண்ணெய் பேரிங்கா என்று பேசிக்கொள்வதைக் கேட்கலாம்.

வீட்டு ரேடியோவைவிட இந்த மண்ணில் அதிகம் உழைத்தது மைக் செட்டுக்காரரின் ஆம்ப்ளிஃபயர். 1940-ல் டெல்லியில் தொடங்கிய அஹுஜா நிறுவனத்தின் பெயரே பல ஊர்களில் ஆம்ப்ளிஃபயருக்குப் பெயராகிவிட்டது. முகப்பில் வரிசையாகக் குமிழ்கள்: மைக்குக்கு ஒவ்வொன்று, பாட்டுக்கு ஒன்று, பாஸ், டிரெபிள், எல்லாவற்றுக்கும் மேலே மாஸ்டர். கோயில் நோம்பி, கெடாவெட்டு, காதுகுத்து, வள்ளி கும்மி என்று திறந்த வெளியில் மண்ணிலும் புழுதியிலும் வைத்தே ஓட்டப்படும் கருவி இது. இங்கே கிரீஸ் காய்வதற்குள் மண் உள்ளே போய்விடுகிறது. மூன்றாவது, நாலாவது மைக்கின் குமிழை வருஷத்துக்கு ஒருமுறைகூட யாரும் தொடுவதில்லை, அவைதான் இறுகும். ஆடி பிறப்பதற்குள் எல்லாக் குமிழையும் முனைக்கு முனை இருபது முப்பது தடவை திருகிவைக்கிற மைக் செட்டுக்காரர்களுக்குச் சீசன் நடுவில் இந்தத் தொல்லை வருவதில்லை.

கொங்கு நாட்டுத் தனியார் பேருந்துகளிலும் ஒரு காலத்தில் வீட்டு அலமாரிகளிலும் வரிசையாக நின்ற ஈக்வலைசர்களின் கதை வேறு. அவற்றில் குமிழ் சுழல்வதில்லை, மேலும் கீழும் நகர்கிறது. அது நகர்கிற நீண்ட பிளவு முகப்பிலேயே திறந்து கிடக்கும். தூசியும் பஞ்சும் நேராகத் தடத்தின் மேலேயே விழும். கரைப்பானை ஊற்றுவதற்கு முன்னால் மெல்லிய தூரிகையாலும் ஊதுபந்தாலும் பஞ்சை வெளியே எடுத்துவிட வேண்டும். ஈரமான பஞ்சு உள்ளே படிந்துவிட்டால் பிரித்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குமிழ் சுழலத் தொடங்கிவிட்டது, ஆனால் திருகும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. ‘ஏனுங்க, வால்யூமு போயிருச்சுங்களா?’ என்ற கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல முடியாது. தடத்தில் அழுக்கு இருந்தால், கிளீனர் ஒரு பீய்ச்சு கொடுத்து முனைக்கு முனை பலமுறை திருகினால் கரகரப்பு போய்விடும். போகவில்லை என்றால் தடம் தேய்ந்திருக்கலாம். தறிக்குடோன் ரேடியோவில் நாக்கு எப்போதும் நின்ற அந்தக் கடைசி இடம் மட்டும் குழிந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் குற்றவாளி குமிழே அல்ல. அதற்கு முன்னால் உள்ள கண்டன்சர் ஒன்று கசிந்து, நேர்மின்னழுத்தத்தைத் தடத்துக்குள் விட்டிருக்கும். அந்த நிலையில் எத்தனை வால்யூம் கண்ட்ரோல் மாற்றினாலும் கரகரப்பு தீராது. கண்டன்சரை மாற்றினால் பழைய வால்யூம் கண்ட்ரோலே அமைதியாகிவிடும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். வால்வு ரேடியோக்களில் 500 கிலோ ஓம் சாதாரணம். டிரான்சிஸ்டர் செட்டுகளில் அதைவிட மிகக் குறைவு. அளவோடு வகையும் முக்கியம். வால்யூமுக்கென்று செய்த கண்ட்ரோலில் பாதி திருகினாலும் மின்தடையில் பத்து, பதினைந்து சதவீதம்தான் கடந்திருக்கும். மனிதக் காது சத்தத்தை உணர்கிற விதத்துக்கு அதுதான் ஒத்துப்போகும். ஜப்பானிய முறையில் இதன்மேல் ஏ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். பி என்று போட்ட நேர்ச்சீர் வகையை வாங்கிப் பொருத்தினால், கால் பங்கு திருகுவதற்குள்ளேயே வீடு அதிரும், மிச்ச முக்கால் பங்கில் வித்தியாசமே தெரியாது. சுவிட்ச் சேர்ந்ததா, ஷாஃப்ட் கால் அங்குலமா ஆறு மில்லிமீட்டரா, நீளம் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். 6.35-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. குமிழைச் செருகும்போது தெரியும். சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் இன்னும் தேடினால் கிடைக்கிறது. பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

உடைந்த குமிழுக்கு மாற்றுக் குமிழ் கிடைப்பதுதான் இவற்றில் கடினம். ஒரே மாதிரியான நான்கில் ஒன்று போனால் செட்டின் முகமே மாறிவிடுகிறது. மிச்சமுள்ள குமிழை வைத்து அச்செடுத்துப் பிசினில் வார்க்கிறார்கள். முப்பரிமாண அச்சில் எடுக்கிறார்கள். உலோகக் குமிழ் என்றால் லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். பம்ப் மோட்டாருக்குப் பேர்போன கோவைக்கு அலுமினியத்தில் ஒரு குமிழ் கடைவது பெரிய காரியமல்ல.

எல்லாம் முடிந்து, பல ஆண்டு கழித்து முதல்முறையாக மின்சாரம் கொடுக்கும்போது நேராகப் பிளக்கைச் செருகக் கூடாது. ரேடியோ மெக்கானிக்குகள் சீரீஸ் பல்பு என்று ஒன்றை வைத்திருப்பார்கள்: 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கருவிக்கு வரும் கம்பியில் தொடராக இணைத்தது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. கருவிக்குள் எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். உடனே அணைத்துவிட வேண்டும். ஒரு முறை பளிச்சிட்டு மங்கிவிட்டால் உள்ளே பெரிய கோளாறு இல்லை என்று பொருள். வால்வு செட்டாக இருந்தால் இழைகள் சூடேற அரை நிமிடம் ஆகும். அதுவரை வால்யூம் குமிழைக் கீழேயே வைத்திருந்து, பிறகு மெல்ல உயர்த்தலாம்.